எல்லா டெசர்டேஷனுக்கும் நூறு பேர் கொஸ்டினேர்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க சேலம் பதிப்புல கல்விப் பக்கம்னு வந்தா இன்ஜினியரிங் கவுன்சிலிங், நீட் கட்ஆஃப், பிளஸ் டூ ரிசல்ட், இதேதான் சுத்திச் சுத்தி வருது. தப்புன்னு சொல்லல, அதைப் படிக்கிறவங்க ஜாஸ்தி. ஆனா எம்.ஏ. அரசியல் அறிவியல்னு ஒண்ணு இருக்குங்க, கடைசி செமஸ்டர்ல பசங்களும் பொண்ணுங்களும் உக்காந்து டெசர்டேஷன், அதாவது ஆய்வேடு எழுதறாங்க, பிராஜெக்ட்னும் சொல்வோம், அதைப் பத்தி ஒரு வரி வந்து நான் பாத்ததில்லை. நான் இங்க ஒரு காலேஜ்ல அந்த எம்.ஏ. முடிச்சிட்டு இப்ப காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கேன். ஜூனியர்ஸ் பிராஜெக்ட்டைத் தூக்கிட்டு "அக்கா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு அஸ்தம்பட்டில எங்க வீட்டுக்கு வருவாங்க, வந்ததை எல்லாம் பாத்துப் பாத்துத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளம். வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஏற்காடு பத்தி வர்ற இடத்தை மட்டும் விட்டுடுங்க.

விஷயம் இதுதான். வர்ற பிராஜெக்ட்ல முக்காவாசி ஒரே அச்சு. தலைப்பு "சேலம் மாவட்டத்தில் பெண்களின் அரசியல் விழிப்புணர்வு - ஓர் ஆய்வு" இல்லன்னா "இளைஞர்களின்", இல்லன்னா "பழங்குடியினரின்", அவ்வளவுதான் மாறும். உள்ள நூறு பேர் கொஸ்டினேர், அதாவது நூறு பேர் கிட்ட குடுத்து நிரப்பி வாங்கின கேள்வித்தாள். அதுல வயசு, பாலினம், படிப்பு, மாச வருமானம், நாலுக்கும் நாலு பை சார்ட், ஒவ்வொண்ணுக்கும் கீழ "மேற்கண்ட அட்டவணையின்படி"ன்னு ஆரம்பிச்சு டேபிள்ல இருக்கறதையே திரும்ப எழுதின ஒரு பாரா, அதுலயே பத்து பக்கம் போயிடும். அப்புறம் ஹைப்பாதெசிஸ், அதாவது ஆய்வுக்கு முன்னாடியே வைக்கிற யூகம். ஆண் பெண் இடையே அரசியல் விழிப்புணர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏன் இருக்கும்னு நினைச்சே, ஏன் இருக்காதுன்னு நினைச்சேன்னு கேட்டா பதில் கிடையாது, ஏன்னா அந்தப் பொண்ணு எதையும் நினைக்கல, போன வருஷ பிராஜெக்ட்ல இருந்ததை எடுத்து ஊர் பேரை மாத்தியிருக்கு. டேட்டாவைக் கொண்டு போய் குடுத்தா டேபிள், சை ஸ்கொயர்னு ஒரு புள்ளியியல் கணக்கு, ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் ஒரே கடையிலயே முடிச்சுக் குடுக்கறதுக்கு காலேஜ் பக்கத்துலயே டிடிபி சென்டர் இருக்கு. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டதைத்தான் செய்யறார், சொல்லப்போனா சை ஸ்கொயர்னா என்னன்னு பிராஜெக்ட் எழுதினவங்களை விட அவருக்கு நல்லாத் தெரியும்.

கேள்வி என்னன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே மெத்தட் முடிவாயிடுது, பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே மண்டபம் புக் பண்ற கதை. ரிசர்ச் மெத்தடாலஜின்னு ஒரு பேப்பர் இருக்கத்தான் செய்யுது, அதுல "ஆராய்ச்சி என்பதன் இலக்கணம் தருக", "சாம்பிளிங்கின் வகைகளை விவரி"ன்னு கேள்வி வரும், எல்லாரும் நல்லா மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கிடறாங்க, அடுத்த செமஸ்டர்லயே கூகுள் ஃபார்ம் லிங்க்கை கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு "ரேண்டம் சாம்பிளிங் முறை பின்பற்றப்பட்டது"ன்னு கூசாம எழுதறாங்க. அது ரேண்டம் இல்லீங்க, ரேண்டம்னா எல்லாருக்கும் சமமான சான்ஸ் இருக்கணும். கைக்குக் கிடைச்சவங்க, அவ்வளவுதான்.

எண்ணிக்கை கூட இருந்தா சரியாயிடும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுக்குத்தான் 1936 அமெரிக்கத் தேர்தல் கதையை எல்லா மெத்தட்ஸ் புக்லயும் சொல்றாங்க. லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை, ஒரு கோடி பேருக்கு யாருக்கு ஓட்டுன்னு கேட்டு கார்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோப்பார்னு போட்டாங்க. அவர் 48 மாநிலத்துல 46-ல ஜெயிச்சார். கார்டு போனது பெரும்பாலும் போன் வச்சிருந்தவங்க, கார் வச்சிருந்தவங்க அட்ரஸுக்கு. அதுலயும் திருப்பி அனுப்பணும்னு தோணினவங்கதான் அனுப்பினாங்க. அதைவிட ரொம்பச் சின்ன சாம்பிளை வச்சு கேலப்னு கருத்துக்கணிப்பு நடத்தின ஒருத்தர் யார் ஜெயிப்பாங்கன்னு சரியாச் சொல்லிட்டார். நம்ம எம்.ஏ. பிராஜெக்ட்ல 384ன்னு ஒரு நம்பர் அடிக்கடி வரும், கிரெஜ்சி, மோர்கன்னு ரெண்டு பேர் 1970-ல போட்ட டேபிள்ல இருந்து எடுக்கறது, பத்து லட்சம் ஜனத்தொகைக்கு 384 பேர் போதும்னு இருக்கும். நிஜம்தான், ஆனா அந்தக் கணக்கு லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் சமமான சான்ஸ் குடுத்து எடுத்தாத்தான் செல்லும். வாட்ஸ்அப்ல வந்த 384-க்கு அந்த டேபிளை எடுத்துக் காட்டறதுல அர்த்தமே இல்லை. நூறு பேரை சரியான ரேண்டமா எடுத்தாலும் கூடக் குறைய பத்து சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், அப்புறம் 52 சதவீதம் ஆதரவு 48 சதவீதம் எதிர்ப்புன்னு ஒரு முடிவுரை எழுதினா அதுக்கு என்ன மதிப்பு சொல்லுங்க.

இப்ப ஏற்காடு. 2013 டிசம்பர் 4-ந் தேதி ஏற்காடு இடைத்தேர்தல் நடந்துச்சு, உங்க பேப்பர்ல தினமும் வந்திருக்கும். அந்த வருஷம் செப்டம்பர்லதான் நோட்டா பட்டன் வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, தமிழ்நாட்டுல முதல் தடவையா நோட்டா வந்தது இந்தத் தேர்தல்லதான். ஓட்டுப்பதிவு 89 சதவீதம் கிட்ட. மலைத் தொகுதி, எஸ்.டி. ரிசர்வ் தொகுதி, இவ்வளவு பேர் ஏன் வந்து ஓட்டுப் போட்டாங்க? அருமையான கேள்வி இல்லீங்களா, எம்.ஏ.வுக்கு இதைவிட என்ன வேணும். இதை எடுத்த ஒரு ஜூனியர் வழக்கம் போல கொஸ்டினேர் அடிச்சிட்டு வந்துச்சு, "நீங்கள் ஏன் வாக்களித்தீர்கள்?" அ, ஆ, இ, ஈ. என்ன பதில் வரும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "ஓட்டுப் போடறது நம்ம கடமைங்க"ன்னு நூத்துல தொண்ணூறு பேர் டிக் பண்ணுவாங்க, ஓட்டுப் போடாதவங்களும் சேர்த்து. முன்ன பின்ன தெரியாத ஒரு காலேஜ் பொண்ணு பேப்பரோட வந்து நின்னா யார்தான் வேற சொல்வாங்க, அதுவும் இத்தனை வருஷம் கழிச்சு.

இந்தக் கேள்விக்கு முதல்ல போக வேண்டியது ஃபார்ம் 20 கிட்ட. ஓட்டு எண்ணி முடிச்சதும் எந்த பூத்துல யாருக்கு எத்தனைன்னு தேர்தல் அதிகாரி கையெழுத்துப் போட்டு வைக்கிற ஷீட் அது, பல தேர்தலுக்கு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்லயே இருக்கு, காசு கிடையாது. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், பாதிப் பக்கம் படுக்கையா இருக்கும், 3-ஆ 8-ஆன்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கணும். இடது ஓரத்துல பூத் நம்பர், அப்புறம் வேட்பாளர் வரிசையா, கடைசியில மொத்தம். வெறும் நம்பர்தான், ஊர் பேர் இருக்காது. அதுக்கு வாக்குச்சாவடி பட்டியல்னு தனியா இன்னொண்ணு எடுக்கணும், அதுல "ஊராட்சி ஒன்றிய துவக்கப்பள்ளி, தெற்கு பார்த்த தார்சு கட்டிடம், மேற்குப் பகுதி"ன்னு விலாவாரியா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரு எக்ஸெல் ஷீட்ல நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டைன்னு மேல இருக்கிற பூத் எது, அடிவாரத்துக்குக் கீழ இருக்கிற பூத் எதுன்னு பிரிச்சுப் பாருங்க, அப்பத்தான் விஷயமே ஆரம்பிக்கும்.

ஏன்னா ஏற்காடு தொகுதின்னா ஏற்காடு மலைன்னு வெளியூர்க்காரங்க நினைச்சுக்கறாங்க, டிவியிலயும் அப்படித்தான் பேசறாங்க. தொகுதி கீழ வாழப்பாடி பக்கம், அயோத்தியாப்பட்டணம் பக்கமெல்லாம் போகுது, ஓட்டர்ல பெரும்பங்கு கீழதான். அப்ப தொகுதி மொத்த ரிசல்ட்டைப் பாத்து "மலையாளிப் பழங்குடி மக்கள் இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட்டாங்க"ன்னு எழுதினா அது எவ்வளவு பெரிய தப்பு (மலையாளின்னா கேரளாக்காரங்க இல்லை, இந்த மலையில இருக்கிற பழங்குடி). 1950-லயே ராபின்சன்னு ஒருத்தர் இதைப் பிடிச்சுக் காட்டிட்டார். அமெரிக்காவுல மாநில வாரியாப் பாத்தா வெளிநாட்டுல பிறந்தவங்க ஜாஸ்தி இருக்கிற மாநிலத்துல படிக்கத் தெரியாதவங்க கம்மி, ஆள் ஆளாப் பாத்தா வெளிநாட்டுல பிறந்தவங்கள்லதான் படிக்கத் தெரியாதவங்க ஜாஸ்தி, ஏன்னா அவங்க போய்க் குடியேறினதே நல்லாப் படிச்ச ஜனம் இருக்கிற மாநிலத்துல. கூட்டத்தோட கணக்கை வச்சு ஆளோட மனசை சொல்ல முடியாது. இந்தப் பாடத்தை "எக்கலாஜிகல் ஃபேலசி"ன்னு ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டுப் போறதுக்குப் பதிலா ஏற்காடு ஃபார்ம் 20-ஐ ப்ரொஜெக்டர்ல போட்டு ஒரு மணி நேரம் நடத்தினா ஜென்மத்துக்கும் மறக்காது. பூத் அளவுக்கு இறங்கினாலும் அந்த ஆபத்து முழுசாப் போகாது, குறையும், அவ்வளவுதான், அதையும் சேர்த்தே சொல்லிக் குடுக்கணும்.

ஃபார்ம் 20 எங்க எவ்வளவுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. ஏன்கிறதுக்கு ஆளுங்களைப் பாக்கணும், நூறு பேர் வேண்டாம், அன்னைக்கு பூத் ஏஜென்ட்டா உக்காந்தவங்க, ஒன்றியச் செயலாளர், தேர்தல் டூட்டி பாத்த வாத்தியார், ஊர்ப் பெரியவர், இப்படிப் பத்துப் பதினஞ்சு பேர் கிட்ட நின்னு நிதானமாப் பேசினா போதும். பேசறதுக்கும் முறை இருக்கு. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மேல காப்பிப் பழம் பறிக்கிற நேரம், பகல்ல போனா வீட்டுல ஆள் இருக்காது. எஸ்டேட்டுக்குள்ள போயிட்டா கணக்கு எழுதற ரைட்டர் பக்கத்துலயே நிப்பார், அவர் நிக்கறப்ப கூலியைப் பத்தியோ கட்சியைப் பத்தியோ யாரும் வாய் திறக்க மாட்டாங்க, சிரிச்சிட்டு "எல்லாம் நல்லா இருக்குங்க"ம்பாங்க, அதை நோட்ல எழுதிட்டு வந்து "தொழிலாளர்கள் திருப்தியாக உள்ளனர்"னு சாப்டர் போட்டதையும் நான் பாத்திருக்கேன். சாயங்காலம் அவங்க வீட்டு வாசல்ல, அவங்க சொல்ற நேரத்துக்குப் போகணும், கடைசி பஸ் எப்பன்னு முன்னாடியே கேட்டுக்கணும்.

இன்னொண்ணு, இது எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம். பிராஜெக்ட் கடைசியில அனெக்ஷர்னு போட்டு பேட்டி குடுத்தவங்க பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் டேபிளா அடிச்சு வைக்கிறாங்க, "ஜென்யூனா பண்ணினதுக்கு ப்ரூஃப்"னு கேக்கறாங்களாம். அந்தம்மா உங்களை நம்பி வீட்டுல உக்கார வச்சு காப்பி குடுத்து ஊராட்சித் தலைவரைப் பத்தி நாலு வார்த்தை சொன்னாங்க, நாளைக்கு அந்த புக் லைப்ரரியில இருக்கும், தலைவர் பையனே அதே காலேஜ்ல படிப்பான். பேரை எடுத்துட்டா மட்டும் போதாது, முப்பது வீடு இருக்கிற ஊர்ல "42 வயது, முன்னாள் வார்டு உறுப்பினர், பெண்"னு எழுதினா பேர் எழுதின மாதிரிதான். ஒப்புதல் வாங்கறது எப்படி, எதை மறைக்கணும், நோட்டையும் ஆடியோவையும் எங்க வைக்கணும், இதுக்கெல்லாம் சிலபஸ்ல ஒரு வரிக்கு மேல இடம் கிடையாது.

சர்வேயே வேண்டாம்னு நான் சொல்லல. சிலதுக்கு அதுதான் வேணும். டெல்லியில சிஎஸ்டிஎஸ்னு ஒரு ஆய்வு மையம் 1967-ல இருந்து தேசிய தேர்தல் ஆய்வு பண்றாங்க, அவங்களோட லோக்நிதிங்கிற பிரிவு ஆளுங்க வாக்காளர் பட்டியலை வச்சுத்தான் ஆள் எடுக்கறாங்க. அதை நம்மளும் பண்ணலாம். ஒரு பூத்துல 1000 பேர் இருந்து 20 பேர் வேணும்னா, முதல் அம்பதுக்குள்ள ஒரு நம்பரை சீட்டுக் குலுக்கி எடுத்து அங்க இருந்து அம்பதுக்கு ஒருத்தர்னு எண்ணிட்டே போகணும். வந்த பேரைத்தான் பாக்கணும், வீடு பூட்டியிருக்குன்னு பக்கத்து வீட்டு அக்காவைப் பிடிக்கக் கூடாது, திரும்பப் போகணும், அப்பவும் கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுதணும். வேலைக்கு வெளியூர் போனவங்க எத்தனை பேர்னு அப்பத்தான் தெரியும், அதுவே ஒரு டேட்டா. கஷ்டம்தான், அதனாலதான் சொல்றேன், தேவைப்படற கேள்விக்கு மட்டும் பண்ணுங்கன்னு.

ஆளே பாக்க வேண்டாத கேள்வியும் நம்ம ஊர்ல கொட்டிக் கிடக்கு. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதல் முதல்ல கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துலதான், அப்புறம்தான் சித்தூர், கடப்பா, வட ஆற்காடுன்னு போச்சு, கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்கத்தான் 1939-ல விற்பனை வரி வந்துச்சு. ஒரு மாவட்டத்துல மட்டும் சட்டம், பக்கத்து கோயமுத்தூர்ல இல்லை, ஒப்பிட்டுப் பாக்கிற கம்பாரிட்டிவ் மெத்தடுக்கு இதைவிட உதாரணம் எங்க போய்த் தேடறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துல அரசாணை, கலால் ரிப்போர்ட் எல்லாம் தேடிப் பாக்கலாம். ஒரே ஒரு இடத்துல உஷாரா இருக்கணும், அன்னைக்கு சேலம் மாவட்டம்னா இன்னைக்கு இருக்கிற சேலம் இல்லை, தர்மபுரி 1965-லயும் நாமக்கல் 1997-லயும் தனியாப் போச்சு, கிருஷ்ணகிரி தர்மபுரியில இருந்து 2004-ல பிரிஞ்சுச்சு. 1937 நம்பரையும் 2011 சென்சஸ் நம்பரையும் பக்கத்துல வச்சு "சேலம்"னு ஒரே கிராஃப்ல போட்டா மொத்தமும் குப்பை. சேலம்-1, சேலம்-2 தொகுதி ரெண்டும் 2008 மறுசீரமைப்புல வடக்கு, தெற்கு, மேற்குன்னு மாறினதும் அதே கதைதான், 2006 ஓட்டையும் 2011 ஓட்டையும் அப்படியே ஒப்பிட முடியாது.

இன்னும் கிராம சபை. முன்னாடி வருஷத்துக்கு நாலு, 2022-ல இருந்து ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல கடைசி மூணும் ஒரே செமஸ்டருக்குள்ள வருது பாருங்க, மெத்தடாலஜி கிளாஸை அந்த செமஸ்டர்ல வச்சு மூணு கூட்டத்துக்கும் ஆளுக்கொரு ஊராட்சி அனுப்பினா அப்சர்வேஷன்னா என்னன்னு தானா வந்துடும். யார் முன்னாடி உக்காந்தாங்க, பொம்பளைங்க எந்த நேரத்துல பேசினாங்க, தீர்மானப் புத்தகத்துல கையெழுத்து கூட்டத்துக்கு முன்னாடி வாங்கினாங்களா பின்னாடி வாங்கினாங்களா, நூறு நாள் வேலை பேச்சு எடுத்தப்ப யார் எழுந்து போனாங்க. இதெல்லாம் எந்தக் கொஸ்டினேர்லயும் வராது. அதே செமஸ்டர் முதல் வாரத்துல ஆளுக்கொரு தகவல் உரிமை (ஆர்டிஐ) மனுவும் போட வைக்கலாம், பத்து ரூபாய்தான், முப்பது நாள்ல பதில் குடுக்கணும். 2006 வன உரிமைச் சட்டத்துக்குக் கீழ எத்தனை மனு வந்துச்சு, கிராம சபையில எத்தனை பாஸ் ஆச்சு, கோட்ட அளவுக் குழுவுலயும் மாவட்டக் குழுவுலயும் எத்தனை நின்னுடுச்சுன்னு ஏற்காட்டுக்குக் கேட்டு வாங்கினா அது ஒரு டெசர்டேஷன் சாப்டர். கடைசி செமஸ்டர்ல போட்டா பதில் வர்றதுக்குள்ள வைவாங்கிற வாய்மொழித் தேர்வே முடிஞ்சிடும்.

இதுல பிராஜெக்ட்டுக்கு வழிகாட்டற கைடுங்க மேல மட்டும் பழியைப் போடவும் எனக்கு மனசு வரல. பாதிப் பேர் கெஸ்ட் லெக்சரர், அவங்க சம்பளமும் நிலைமையும் உங்க பேப்பர்லயே வந்துட்டுத்தான் இருக்கு, ஒருத்தர் தலையில பத்துப் பன்னெண்டு பிராஜெக்ட், எல்லாத்துக்கும் உக்காந்து கேள்வியைச் செதுக்க நேரம் எங்க இருக்கு, கொஸ்டினேர்னா அவங்களுக்கும் சுளுவு. ஆனா முன்னாடி எம்.ஃபில்.னு நடுவுல ஒண்ணு இருந்துச்சு, அங்க போய் மெத்தட்ஸ் கத்துக்கலாம்னு விட்டுடலாம், அதை 2022 ரெகுலேஷன்ல யுஜிசி எடுத்துட்டாங்க. இப்ப எம்.ஏ. பிராஜெக்ட்டுக்கு அடுத்து நேரா பிஎச்.டி. இங்க கத்துக்கலன்னா வேற எங்கயும் இல்லை. இப்ப புதுசா ஏஐ வேற, ரிவ்யூ சாப்டரை அதுகிட்ட கேட்டு வாங்கி இல்லாத புத்தகத்துக்கு பக்க எண் வரைக்கும் போட்டு வருது, மத்தவங்க எழுதினதோட பத்து சதவீதத்துக்குள்ள சிமிலாரிட்டி இருந்தா சரின்னு சாஃப்ட்வேரும் விட்டுடுது, அந்தப் புத்தகம் நிஜமா இருக்கான்னு யாரும் தேடிப் பாக்கறதில்லை.

உங்க கிட்ட கேக்க வேண்டியது ரெண்டு இருக்குங்க. ஒண்ணு, தேர்தல் நேரத்துல கருத்துக்கணிப்பு போடறீங்க, அதுல எத்தனை பேர் கிட்ட கேட்டாங்க, எந்தத் தேதியில, ஆளை எப்படி எடுத்தாங்கன்னு மூணு வரி கட்டம் கட்டிப் போடுங்க, எங்க பசங்களுக்கு தினமும் வீடு தேடி வர்ற மெத்தட்ஸ் கிளாஸ் அதுதான். ரெண்டு, 2013 இடைத்தேர்தல் சமயம் எந்த மந்திரி எந்த ஊர்ல முகாம் போட்டார், எந்தக் கிராமத்துல ரோடு கேட்டு மறியல்னு உள்ளூர்ப் பக்கத்துல வந்ததெல்லாம் இன்டர்நெட்ல தேடினா வர்றதில்லை, சென்னைப் பதிப்புல அது வரவும் வராது. உங்க சேலம் ஆபீஸ்ல பழைய பேப்பர் பைண்ட் பண்ணி வச்சிருந்தீங்கன்னா, காலேஜ் லெட்டரோட வர்ற எம்.ஏ. பசங்களை வாரத்துல ஒரு நாள் உக்காந்து பாத்துக் குறிப்பு எடுக்க விடுங்க. போட்டோ எடுக்கக் கூடாதுன்னா எடுக்க மாட்டாங்க. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம்னு உங்க பேப்பர்லயே ஒரு ஓரத்துல போட்டீங்கன்னா ஜூனியர்ஸ் கிட்ட நான் சொல்லிடறேன்.

இப்படிக்கு,
முதுகலை அரசியல் அறிவியல் முன்னாள் மாணவி,
அஸ்தம்பட்டி, சேலம்.